அரையளவு

மனித உடம்பில் எந்த இடத்தை அளந்தால் சாவின் தூரம் தெரியும் என்பதை மருத்துவர்கள் ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்குத் தமிழில் ஒரு சொல் தேர்ந்தெடுக்கப் பாளையங்கோட்டையில் ஒரு குழு ஏழு மாதம் கூடிக் கலைந்தது.

முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஓர் உணர்கயிறு அணிவிப்பது என்று இரத்த நாளக் காப்பு வாரியம் முடிவெடுத்த ஆண்டு அது. தலைமுடியைவிடச் சற்றே தடித்த, கழற்ற முடியாத, குளித்தாலும் வியர்த்தாலும் கெடாத கயிறு. உடம்பைச் சுற்றிக் கிடந்தபடியே வயிற்றின் சுற்றளவையும் இரத்த அழுத்தத்தையும் ஓயாமல் அளக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு, அடுத்த பத்தாண்டுக்குள் இவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று ஓர் எண்ணைச் சொல்லும். பத்துக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. அறிவியல் இவ்வளவுதான். மீதியைச் சமூகம் பார்த்துக்கொண்டது.

மருத்துவர்களின் வாக்கியம் இது: "கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் கயிறு கிடக்க வேண்டும்." இதில் புரியாதது எதுவும் இல்லை. ஆயினும் சட்டத்துக்கு வாக்கியம் போதாது, சொல் வேண்டும். கலைச்சொல் குழுவின் தலைவரான பேராசிரியர் ஆறுமுகநயினார் முன்னால் நான்கு சொற்கள் வந்து நின்றன. ‘இடை’ முதலிலேயே விழுந்தது. இலக்கியத்தில் இடை பெண்களுக்கு மட்டுமே உண்டு; அதுவும் உண்டோ இல்லையோ என்று ஐயுறும் அளவுக்கே உண்டு. வருவாய்த் துறை அலுவலர் ஒருவரின் இடை என்று சட்டத்தில் எழுதினால் சட்டமன்றம் சிரிக்கும். ‘இடுப்பு’ குடத்துக்கும் குழந்தைக்கும் உரிய இடம், அதற்குச் சட்டத்தின் கம்பீரம் போதாது என்றார்கள். ‘வயிறு’ பசியை நினைவூட்டும். பசி எதிர்க்கட்சியை நினைவூட்டும். குழுவில் இருந்த ஒரே இளம் மருத்துவர் ‘தொந்தி’ என்று சொல்லிப் பார்த்தார். அடுத்த கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு போகவில்லை.

எஞ்சியது ‘அரை’. நயினார் எழுந்து நின்றார். "மருத்துவர்கள் ‘நடுவில்’ என்கிறார்கள். நடு என்றால் பாதி. பாதி என்றால் அரை. பிறந்த பிள்ளைக்கு நாம் கட்டுவது அரைஞாண். உடம்பின் அரை எதுவென்று, இந்த இயந்திரமெல்லாம் வருவதற்கு முன்பே கயிறு கட்டிக் காட்டியவர்கள் நாம்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ‘அரை என்பது அரையாடை கட்டப்படும் இடம்’ என்று சட்டத்தில் ஏறியது.

அந்த வரியை எழுதும்போது அவர் ஒரு முறை குனிந்து தம் வேட்டி எங்கே கட்டியிருக்கிறது என்று பார்த்திருக்கலாம். பார்த்திருக்கவும் முடியாது, நடுவில் வயிறு இருந்தது.

நாற்பதைக் கடந்த ஆடவர் பெரும்பாலோரைப் போல அவரும் வேட்டியை வயிற்றுக்குக் கீழேதான் கட்டினார். வயிறு அதன்மேல் பால்கனியாக நீண்டிருந்தது. சட்டப்படி கயிறு பால்கனிக்கு அடியில் போய் ஒதுங்கியது. எண்பத்தெட்டு சென்டிமீட்டர் என்றது. ஆண்களுக்கு எல்லை தொண்ணூறு. பெண்களுக்கோ அரையாடை இடுப்பெலும்பின்மேல் தங்குகிறது. இயற்கை அங்கே எலும்பை அகலமாக வைத்திருக்கிறது. கயிறு அந்த எலும்பை அளந்து தொண்ணூற்றாறு என்றது. பெண்களுக்கு எல்லை எண்பது. ஓராண்டுக்குள் மாநிலத்தின் ஆண்கள் பச்சையாகவும் பெண்கள் சிவப்பாகவும் ஆனார்கள். இதில் வியப்படைந்தவர் எவரும் இல்லை.

ஒருவரைத் தவிர. அவர் நயினாரின் மனைவி. மருத்துவர் குழல்வாய்மொழி அதே வாரியத்தின் மதிப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தாள். அந்தப் பிரிவில் எண்களைப் படிக்கலாம். மருந்து எழுதும் உரிமை கிடையாது. அவளுடைய வயிறு முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது, அழுத்தம் எப்போதும் அளவோடு இருந்தது, எண் இருபத்து மூன்று. அவள் கணவரின் எண் நான்கு.

சிவப்புக்காரிக்கு அடுக்ககத்தின் மின்தூக்கி திறக்காது. நடந்தால் இதயத்துக்கு நல்லதாம். இனிப்புக் கடையின் கதவு அவளைக் கண்டதும் அலறும். காலைதோறும் வீட்டுச் சுவரில் பதித்த பெட்டி ஓர் அழுத்த மாத்திரையைத் துப்பும். எடுக்காவிட்டால் எடுக்கும் வரை கத்தும். பச்சைக்காரர் அந்த மாத்திரையைத் தொடக் கூடாது, கடையில் வாங்கவும் வழியில்லை. நலமானவருக்கு மருந்து கொடுப்பது குற்றம். பச்சைக்காரருக்கு வேறு பேறுகள் இருந்தன. ‘பச்சை மணமகனுக்குப் பெண் தேவை’ என்று விளம்பரங்கள் வந்தன. துணைவேந்தர் பதவிக்கு ஒற்றை இலக்க எண் கட்டாயத் தகுதியாயிற்று. நயினார் அந்தப் பதவிக்கான இறுதிச் சுற்றில் இருந்தார்.

சுற்றளவுதான் தப்பு, கயிறு அழுத்தத்தையாவது ஒழுங்காக அளந்ததே என்று கேட்கலாம். அளந்தது. ஆனால் ஒல்லியானவருக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கணினி குழம்பியபோது, நயினாரின் குழு அதற்கும் ஒரு சொல் கொடுத்து உதவியது. அந்தச் சொல் ஒட்டிய அழுத்தத்தைக் கணினி கணக்கில் சேர்க்காது.

"நூத்தி எழுபத்தெட்டு. கீழ நூத்தி எட்டு," என்றாள் குழல்வாய்மொழி ஒரு காலையில், கணவரின் கைபேசியைப் பார்த்து.

"அதுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு? அதையும் சேத்து வாசி."

"பொறுப்பழுத்தம்."

"ஆங்." நயினார் மூன்றாவது தோசையை மடித்தார். "பதவில இருக்கவனுக்கு அப்படித்தான் இருக்கும். நான் வச்ச பேருளா அது."

"பேரு வச்சா எறங்கிருமா? இங்க பாருங்க. வயித்துக்குள்ள, குடலச் சுத்திச் சேருத கொழுப்பு சும்மா கெடக்காது. ரத்தக் குழாய இறுக்கும், ஒடம்புல உப்பத் தேக்கும். குழாய் இறுகுனா இதயம் முக்கி முக்கித் தள்ளணும். தள்ளித் தள்ளி அது தடிச்சுப் போவும். மூளையில இருக்க மெல்லிசுக் குழாய் ஒருநாள் அடைக்கும், இல்லன்னா வெடிக்கும். நீங்க பொறுப்பானவுகளான்னு அது கேட்டுட்டு வெடிக்காது."

"கொழுப்பு எனக்கா? நாலுளா என் எண்ணு. இருபத்தி மூண வச்சிக்கிட்டுப் பேச்சப் பாரு."

"எனக்கு இருக்கது எலும்பு. எலும்ப அளந்துட்டுக் கொழுப்புங்கான். ஒரு டேப்ப எடுத்து ஒங்க தொப்புளுக்கு நேரா அளக்கட்டுமா? நூத்திப் பத்துக்குக் கொறையாது."

"அளக்கலாம்." நயினார் கைகழுவ எழுந்தார். "ஆனா அது அரை இல்லியே. சட்டத்துல இல்லாத எடத்த அளந்து என்ன செய்யப் போற?"

"சரி, என் மாத்திரையில ஒண்ணு போடுங்க. எனக்கு அது வேண்டாம். நேத்து பஸ் ஸ்டாப்புல கண்ணக் கட்டி உக்காந்துட்டேன், தெரியுமா?"

"பச்சைக்காரன் மாத்திரை போட்டான்னு தெரிஞ்சா துணைவேந்தர் தேர்வுல என்னளா சொல்லுவான்? நோயாளின்னு சொல்லுவான்."

நோயாளியாக இருப்பதைவிட நோயாளி என்று சொல்லப்படுவதே அவருக்குப் பெரிய ஆபத்தாகப் பட்டது. இதில் அவரைத் தனியாகக் குறை சொல்வதற்கில்லை. அந்த ஆண்டு மாநிலத்தின் ஆண்கள் அனைவரும் நலத்தை விட்டுவிட்டு நலமென்ற சொல்லைப் பேணிக்கொண்டிருந்தார்கள். அவர் தொழிலும் சொல்லாகவே இருந்ததால் சற்று ஊக்கத்தோடு பேணினார்.

குழல்வாய்மொழி உப்பைக் குறைத்தாள். குழம்பு சப்பென்று இருக்கிறது என்று அவர் ஊறுகாய் ஜாடியை மேசைக்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். நடக்கக் கூப்பிட்டாள். நடப்பது சிவப்புக்காரர் செய்கை, தெருவில் பார்த்தால் தப்பாக நினைப்பார்கள் என்றார்.

ஆடி மாதத்தின் ஒரு முற்பகலில், முதுகலை வகுப்பில் குற்றியலுகரத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சொல் அவர் வாயில் பாதியோடு நின்றது. மாணவர்கள் முதலில் அதை இலக்கணத்தின் செய்முறை விளக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். பிறகு வாயின் வலப்புறம் சரிவதையும் கையிலிருந்த புத்தகம் நழுவுவதையும் கண்டு ஓடிவந்து தாங்கினார்கள். குழல்வாய்மொழி மருத்துவமனையை அடைவதற்குள் வாய் நேராகியிருந்தது, கை விரல்கள் மடங்கின. பணியில் இருந்த மருத்துவர் அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் பேசினார்.

"ஒங்களுக்கே தெரியும் மேடம். இது வந்து எட்டிப் பாத்துட்டுப் போன பக்கவாதம். அடுத்தது வந்தா போகாது, தங்கிரும்."

"அத அப்படியே எழுதுங்க டாக்டர்."

"எழுத முடியலயே. சாரோட எண் நாலு. பத்துக்குக் கீழ இருக்கவங்களுக்கு அந்தச் சொல்லத் தட்டினா கணினி ஏத்துக்காது."

"வேற எதத்தான் ஏத்துக்கும்?"

"வாயுத் தொல்லை ஏத்துக்கும். பயணக் களைப்பு ஏத்துக்கும். ரெண்டும் இல்லன்னா ‘பிற’ன்னு போட்டு நாமளே ஒரு பேரு வச்சிக்கிடலாம். பச்சையில செத்தவங்களுக்கெல்லாம் அப்படித்தான் வச்சிட்டிருக்கோம்."

திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்த நயினார் கண்ணைத் திறக்காமலே பேசினார். நா இன்னும் கொஞ்சம் குழறியது.

"சொற்சோர்வு."

"சார்?"

"சொற்சோர்வு. நல்லா இருக்கும். எழுதுங்க தம்பி."

மருத்துவர் எழுதினார். கணினி மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது.

"மாத்திரை?" என்றாள் குழல்வாய்மொழி.

"சொற்சோர்வுக்கு அழுத்த மாத்திரை எழுதுனா என் உரிமம் போயிரும் மேடம்," என்றார் அந்த மருத்துவர். அவர் தலையைக் குனிந்துகொண்டது அவளுக்கு ஓரளவு ஆறுதலாக இருந்தது. அந்தக் கட்டடத்தில் வெட்கப்பட ஒருவராவது இருந்தார்.

மறுநாள் காலை பெட்டி வழக்கம்போல மாத்திரையைத் துப்பியது. அடுப்பில் சுக்குக் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு அவள் நின்றாள். நோயாளிக்குத் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது அவள் படித்த முதல் பாடங்களில் ஒன்று. பிறர் உணவில் மருந்து கலப்பவருக்கு ஏழாண்டுச் சிறை என்பது அவள் வேலை பார்க்கும் வாரியத்தின் சட்டம். முப்பதாண்டு கூடவே வாழ்ந்த மனிதரை ஏமாற்றுவது பற்றிச் சட்டமோ பாடமோ எதுவும் சொல்லவில்லை. கரண்டியின் அடிப்பக்கத்தால் மாத்திரையை நசுக்கிக் காப்பியில் போட்டுக் கலக்கினாள். கருப்பட்டியைக் கொஞ்சம் கூட்டினாள்.

நயினார் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். "இன்னைக்கு நல்லா இருக்கே."

ஆவணி முடிவதற்குள் அழுத்தம் இறங்கியது. நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தாறு. தலைவலி நின்றது. அவர் கைபேசியை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்தியா? ஒரு மாத்திரை உண்டா? கொஞ்சம் ஓய்வெடுத்தேன், பொறுப்பழுத்தம் தானா எறங்கிட்டு. கலைச்சொல் சரியா இருந்தா ஒடம்பு அதுக்குக் கட்டுப்படும்ளா." இந்தக் கருத்தை விரித்து ஒரு கட்டுரை எழுதினார். அது மூன்று இடங்களில் மறுபதிப்பானது.

குழல்வாய்மொழியும் ஒன்று எழுதினாள். கயிறு தவறான இடத்தில் கிடக்கிறது, அதனால் ஆண்களின் ஆபத்து மறைகிறது, பெண்களுக்கு இல்லாத ஆபத்து ஏறுகிறது, மருத்துவர்களின் பழைய வாக்கியத்துக்கே திரும்ப வேண்டும் என்று ஓர் அறிக்கை. வாரிய இயக்குநர் ஞானசிகாமணி அதைப் படித்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார். இனிமையான மனிதர், யாரையும் நிற்க வைத்து நிராகரிக்க மாட்டார்.

"டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். அளவு தப்புன்னா சாவு கூடணும்லா? நம்ம மாவட்டத்துல ஆம்பளைங்களுக்குப் பக்கவாதம் கொறஞ்சிருக்கே. ‘பிற’வையும் சேத்துத்தான் சொல்லுதேன். தலைநகரத்துலருந்து பாராட்டி எழுதியிருக்கான்."

அவள் எழுந்து வெளியே வந்தாள். மருந்து தொடாத ஆண்கள், பால்கனி குறையாத ஆண்கள், ஊறுகாய் ஜாடியோடு உட்கார்ந்திருக்கும் ஆண்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? இருக்கைக்குத் திரும்பி ஊரின் அழுத்தப் பதிவுகளைத் திறந்தாள். விசித்திரம் ஒன்று தெரிந்தது. ஆயிரக்கணக்கான ஆண்களின் அழுத்தம் சில மாதங்களாகத் தணிந்தே இருந்தது. ஆனால் ஒவ்வொருவருக்கும் இடையிடையே சில நாட்கள் ஏறியது, மறுபடி தணிந்தது. அந்த நாட்களுக்குப் பொதுவானது என்ன என்று தேடினாள். பண்டிகையில்லை, தேர்தலில்லை. கடைசியில், வாரியத்தில் எவருக்கும் தோன்றியிராத ஒரு கேள்வியைக் கணினியிடம் கேட்டாள்: அந்த நாட்களில் அவர்களின் மனைவியர் எங்கே இருந்தார்கள்?

பிறந்த வீட்டில் இருந்தார்கள்.

மின்தூக்கி திறக்காத பெண்கள் ஏறி இறங்கும் படிக்கட்டுதான் அந்த அடுக்ககத்தில் அவர்கள் பேசிக்கொள்ளும் இடம். நான்காம் மாடி பகவதி, வங்கி மேலாளரின் மனைவி, காய்கறிப் பையோடு ஏறிக்கொண்டிருந்தாள். குழல்வாய்மொழி அவளுக்காகப் படிக்கட்டின் திருப்பத்தில் காத்து நின்றாள்.

"பகவதி, போன வாரம் ஊருக்குப் போயிருந்தியோ?"

"ஆமாக்கா, களக்காட்டுக்கு. அம்மைக்குக் கண் ஆப்பரேசன். ஏன் கேக்கீங்க?"

"ஒங்க வீட்டுக்காரவுகளுக்கு அந்த வாரம் பூரா அழுத்தம் ஏறிக் கெடந்திருக்கு."

"ஏக்கமா இருக்கும்க்கா." பகவதி சிரித்தாள். சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை.

"ஏக்கம் நீ வந்து தோசை சுட்டுப் போட்ட ரெண்டாம் நாளே எறங்குமோ?"

பகவதி பையைக் கீழே வைத்தாள். மேலும் கீழும் எட்டிப் பார்த்தாள். பிறகு குழல்வாய்மொழியின் முகத்தைக் கொஞ்ச நேரம் படித்தாள். அதில் என்ன கண்டாளோ, குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க எதுல போடுதீங்க?"

"சுக்குக் காப்பி."

"நமக்குச் சட்னிதான். காரத்துல தெரியாது. மூணாம் மாடி எஸ்தர் அக்கா புட்டுல போட்டு மாட்டிக்கிடப் பாத்தாவ. ‘என்னளா கசக்கு’ன்னு கேட்டிருக்காரு. வெந்தயம்னு சொல்லிட்டாவ. இப்ப அவுக வீட்டுல பாயசத்துக்கும் வெந்தயந்தான்."

குழல்வாய்மொழிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் கண்ணும் கலங்கியது. "இத யாரு ஒங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லணும்? அந்த மாத்திரையப் போட்டா எனக்குக் கண்ணக் கட்டுது. தூரப் போடவும் மனசு வரல. எதுத்தாப்புல ஒரு ஆளு மூஞ்சி செவந்து, பிடரியப் பிடிச்சிக்கிட்டு, நான் பச்சை நான் பச்சைன்னு உக்காந்திருக்காரு. என்னதான் செய்ய?"

ஆக வாரியத்தின் அளவு ஒவ்வொரு வீட்டிலும் தப்பாகத்தான் இருந்தது. தேவையான மாத்திரையைத் தேவைப்படாதவர் கையில் கொண்டுவந்து கொடுத்தது. அந்தத் தப்பை ஊர்ப் பெண்கள் காலைதோறும் அம்மியிலும் மிக்சியிலும் போட்டுத் திருத்தினார்கள். திருத்தத்தின் புகழ் முழுவதும் தப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

மறு ஆய்வுக் கூட்டம் கூடியது. ஞானசிகாமணி தலைமை, கலைச்சொல் குழுவின் சார்பில் நயினார். கேள்வி அதேதான் வந்தது. அளவு தப்பென்றால் ஆண்கள் ஏன் பிழைக்கிறார்கள்? இம்முறை குழல்வாய்மொழிக்குப் பதில் தெரியும். அவள் வாயைத் திறந்தால் கயிறு சரியான இடத்துக்கு ஏறும். பகவதியும் எஸ்தரும் இன்னும் பல்லாயிரம் பேரும் ஏழாண்டுச் சிறைக்குப் போவார்கள், அவளும் போவாள். திறக்காவிட்டால் அளவு தப்பென்பதற்குச் சான்றில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் அவளால் உயிரோடு இருக்கும் சான்று ஒன்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"டாக்டர் அமைதியா இருக்காங்க," என்றார் ஞானசிகாமணி கனிவோடு.

மனைவி தலைகவிழ்ந்திருப்பதை நயினாரால் பார்க்க முடியவில்லை. அவர் எழுந்தார். "அறிக்கையை முழுமையாக ஒதுக்கிவிட வேண்டாம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆண்களைப் பற்றிச் சொன்னதற்குச் சான்று இல்லை. ஆனால் பெண்கள் தேவையின்றிச் சிவப்பாக்கப்படுகிறார்கள் என்பது உண்மை. சொல்லை மாற்றத் தேவையில்லை. எல்லையை உயர்த்தினால் போதும். ஆணும் பெண்ணும் சமம் என்று பேசுகிறோம். ஆண்களில் எத்தனை பங்கு பச்சையோ, பெண்களிலும் அத்தனை பங்கு பச்சையாகட்டும்."

பெண்களுக்கான எல்லை நூறு சென்டிமீட்டர் ஆனது. தீர்மானத்தை எதிர்க்க எவருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக் கதவைத் திறக்கும்போதே நயினாரின் முகம் மலர்ந்திருந்தது. "ஒனக்குப் பச்ச வாங்கிக் குடுத்துட்டேன்ளா! இனிமே மின்தூக்கில வா, அல்வாக் கடைக்குப் போ, எவன் கேக்கான்னு பாப்போம்." மறுநாள் காலை சுவர்ப் பெட்டி மாத்திரையைத் துப்பவில்லை. இனிய பெண்குரல் ஒன்று பேசியது: "வாழ்த்துகள். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள். உங்களுக்கு இனி மருந்து தேவையில்லை."

அவள் அன்றே அவரிடம் சொல்லிவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் கண்ணைக் கட்டிய நாளிலிருந்து ஆடி வரை விழுங்காமல் சேமித்து வைத்திருந்தவை சில வாரங்களுக்கே வரும், அரை மாத்திரையாகக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் தள்ளலாம், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்பதால் சொன்னாள். காப்பியில் கலந்ததை, ஆடியிலிருந்து ஒரு நாள் விடாமல் கலந்ததை, அழுத்தம் இறங்கியது ஓய்வினாலும் அல்ல கலைச்சொல்லாலும் அல்ல என்பதை, எதையும் மறைக்காமல் சொன்னாள். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் நல்லது என்றும் நினைத்தாள். நம்பினால்தானே கோபம் வரும்.

 நயினாரின் முகம் மெல்ல இளகியது.

"சுக்குளா அது."

"என்னது?"

"சுக்கு. அழுத்தத்த எறக்குத குணம் சுக்குக்கு உண்டு. நீ போட்ட மாத்திரையையும் மீறி அது வேல செஞ்சிருக்கு." அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "எனக்காகத்தான செஞ்ச. நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத, அடுத்த மாசம் தேர்வு. சுக்க மட்டும் நிறுத்திராத, என்ன?"

ஐப்பசியில் அவர் துணைவேந்தர் ஆனார். அரை மாத்திரைக் காலமும் முடியப்போகிறது என்பதை அழுத்தம் காட்டத் தொடங்கியிருந்தது: நூற்று ஐம்பத்திரண்டு, நூற்று அறுபது. பக்கத்திலே பழைய சொல் திரும்பி வந்திருந்தது.

அந்த மாதக் கடைசியில் வாரியம் ஊரின் பெரிய கல்யாண மண்டபத்தில் ‘பச்சை மகளிர் விழா’ எடுத்தது. பெண்களுக்கு விடுதலை வாங்கித் தந்தவர் என்று புதிய துணைவேந்தருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சாப்பாட்டுக் கூடமும் மேடையும் ஒரே மண்டபத்தில். பெண்கள் பந்தி பந்தியாக இலை முன் உட்கார்ந்திருக்க, நயினார் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். எல்லா வாளிகளும் எல்லா இலைகளுக்கும் போயின.

பகவதி போளியை இரண்டாக மடித்து வாயில் திணித்து, தண்ணீர் குடித்து விழுங்கினாள். "நூறத் தாண்ட இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் வேணும்க்கா எனக்கு. ஒங்களுக்கு?"

"நாலுக்கு மேல."

"நாலா? அந்த ஒடம்புக்குக் கஷ்டந்தான். நெய்ய விட்டுப் பெசஞ்சு சாப்பிடுங்க. எஸ்தர் அக்கா தாண்டிட்டாவ, தெரியுமா? முந்தாநாள்லருந்து அவுக வீட்டுப் பெட்டி மறுபடி துப்புது. நேத்து படியில நமக்கும் ஒண்ணு குடுத்தாவ."

எதிர்வரிசையில் எஸ்தர் நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பால் இன்னொருத்தி, அவளுக்கு அப்பால் இன்னொருத்தி. எவள் முகத்திலும் ருசி இல்லை. தேர்வுக்குப் படிப்பவர்களைப் போல, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், கவளம் கவளமாக உண்டுகொண்டிருந்தார்கள். குழல்வாய்மொழிக்கு அந்த நெய்யும் வெல்லமும் தன் இரத்தக் குழாய்களில் போய் என்ன செய்யும் என்பது வரிசைக்கிரமமாகத் தெரியும். அவள் அதைத்தானே படித்திருந்தாள்.

மேடையில் நயினாரின் குரல் தழுதழுத்தது. "பாருங்கள்! எத்தனை ஆசையாகச் சாப்பிடுகிறார்கள்! இந்தக் காட்சிக்காக அல்லவா நாம் சட்டத்தைத் திருத்தினோம்!"

பாயச வாளியோடு வந்த பரிமாறுகிறவர் அவள் இலையருகே தயங்கி நின்றார். மூன்றாவது முறையாக வருகிறார். "போதுமாம்மா?"

"அவுகளுக்குக் காணாது," என்றாள் குழல்வாய்மொழி.

அவர் குழம்பி மேடையைப் பார்த்தார். "ஐயாவுக்குத் தனியா எடுத்து வச்சிருக்கும்மா."

"இதுதான் ஐயாவுக்கு," என்றாள். "ஊத்துங்க."